விளையாடியதற்கு என்ன ஆதாரம்? ஒரு போலந்துப் பயிற்றுவிப்பாளரும் திருகோணமலை மைதானமும்

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் மாலை நாலரைக்குப் பிறகு சிறுவர்களுக்கு உதைபந்தாட்டம் பழக்கும் அண்ணா ஒருவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். பகலில் துறைமுகப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார். தொண்ணூறுகளில் மத்தியகளத்தில் விளையாடியவர். அண்மையில் பயிற்றுவிப்பாளர் பாடநெறி ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போனவர், படிவத்தைப் பாதியில் மடித்து வைத்துவிட்டார். "விளையாடின அனுபவத்துக்கு ஆதாரம் கேக்கிறாங்கள் தங்கச்சி. நான் எங்க போய் எடுக்கிறது?"

அந்த வாரம் நான் ஹென்ரிக் காஸ்பெர்சாக் என்ற போலந்துக்காரரைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கதைகளும் தலைக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

காஸ்பெர்சாக் 1946 இல் ஸாப்ஜே என்ற சுரங்க நகரில் பிறந்தவர். முந்தைய ஆண்டு வரை அந்த நகரம் ஜேர்மனியுடையது. போர் முடிந்ததும் எல்லை நகர்ந்தது. ஊர் போலந்துக்குள் வந்தது. விமானத் தொழிற்சாலையைச் சார்ந்த ஸ்டால் மியெலெட்ஸ் கழகத்தின் மத்தியகளத்தில் நின்று 1973 இலும் 1976 இலும் தேசிய லீக்கை வென்றார். 1974 உலகக் கிண்ணத்தில் பிரேசிலை வென்று மூன்றாமிடம் பிடித்த அணியிலும், 1976 ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்ற அணியிலும் இருந்தார். நாட்டுக்காக 61 ஆட்டங்கள், 5 கோல்கள். 1974 என்றதும் உலகம் நினைப்பது அவருடைய கழகத் தோழர் லாட்டோவை. அவர் அடித்தது 7 கோல்.

கம்யூனிச ஆட்சியில் போலந்து வீரர்கள் நினைத்தபடி வெளிநாட்டுக் கழகங்களுக்குப் போக முடியாது. பெரும்பாலும் முப்பது வயது தாண்டிய பிறகே அனுமதி கிடைக்கும். காஸ்பெர்சாக் 1978 இல், 32 வயதில், பிரான்ஸின் மெட்ஸ் கழகத்துக்குப் போனார். ஒரு பருவம்தான் விளையாடினார். அடுத்த ஆண்டே அதே கழகம் அவரைப் பயிற்றுவிப்பாளராக்கியது. 1984 இல் மெட்ஸ், மொனாக்கோவை வென்று பிரெஞ்சுக் கிண்ணத்தை எடுத்தது. பிறகு ஆபிரிக்கா. ஐவரி கோஸ்ட் 1994 ஆபிரிக்கக் கிண்ணத்தில் மூன்றாமிடம். டுனீசியா 1996 இல் இறுதியாட்டம் வரை. 1998 உலகக் கிண்ணத்தின் நடுவிலேயே டுனீசியா அவரை நீக்கியது. 2015 இல் அவருடைய மாலி அணி மூன்று ஆட்டங்களையும் 1-1 என்று சமன் செய்து, கடைசியில் சீட்டுக் குலுக்கலில் வெளியேறியது.

இதை வெற்றிக்கதையாக நான் சொல்லவில்லை. தன் சொந்த நாட்டுத் தேசிய அணியை அவர் ஒருநாளும் பயிற்றுவித்ததில்லை. பிறந்த ஊரின் கழகமான கோர்னிக் ஸாப்ஜேயைப் பொறுப்பெடுத்த 2008-09 பருவத்தில் அது கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஆனால் அவர் எங்கே போனாலும் 'நீ விளையாடினாய் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று யாரும் கேட்கவில்லை. தொழிற்சாலைக் கழகத்தில் ஆடியதும் ஏட்டில் இருந்தது.

எங்கள் அண்ணா விளையாடியது எந்த ஏட்டில் இருக்கிறது? சோதனைச்சாவடியில் இறங்கி அடையாள அட்டை காட்டி மைதானத்துக்கு வந்து, இருட்டுமுன் ஆட்டத்தை முடித்துக்கொண்டு ஓடிய காலம் அது. கழகத்தின் பதிவுப் புத்தகம் இடப்பெயர்வில் போனது. பழைய பத்திரிகைகளைத் தேடலாமே என்று நானே சொன்னேன், ஊடகக் கற்கை படித்த திமிரில். இரண்டு நாள் புரட்டினோம். கிடைத்தவையெல்லாம் நாலு வரிச் செய்திகள்: யார் வென்றது, யார் கோல் அடித்தது. மத்தியகளத்தில் ஓடியவரின் பெயரை எந்த நிருபரும் எழுதவில்லை. நானும் எழுதியிருக்க மாட்டேன்.

இது ஒரு ஆளின் படிவச் சிக்கல் மட்டுமல்ல. மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி பீபா 2023 ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அதன் பிறகு தேசிய அணி, வெளிநாடுகளில் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்களை அதிகம் நம்புகிறது. பயிற்றுவிப்பாளர்களும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறார்கள். வேல்ஸில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விமல் யோகநாதன் பார்ன்ஸ்லி கழகத்தின் மத்தியகளத்துக்கு வந்தபோது நாமெல்லாம் பகிர்ந்து மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் அவரை உருவாக்கியவை இங்கிலாந்தின் பயிற்சிக்கூடங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் பத்து வயதுப் பிள்ளைக்குப் பந்தை நிறுத்தப் பழக்குவது யார்? போர் வீரர்களை மட்டும் கொண்டுபோகவில்லை. அவர்கள் நாற்பது வயதில் ஆகியிருக்க வேண்டிய பயிற்றுவிப்பாளர்களையும் கொண்டுபோனது. வெளியேறியவர்கள் அகதி விண்ணப்பத்தோடு போனார்கள். காஸ்பெர்சாக்கைப் போல ஒரு கழகத்தின் ஒப்பந்தத்தோடு அல்ல. இருந்தவர்களிடம் தாள் இல்லை.

பிறப்புப் பதிவும் காணி உறுதியும் தொலைந்தவர்கள் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்ததை வடக்குக் கிழக்கில் எல்லோரும் அறிவோம். விளையாட்டு அனுபவத்துக்கும் அப்படியொரு வழியை மாவட்ட லீக்குகள் கேட்டு வாங்கலாம். உடன் ஆடிய இருவரின் சாட்சி, ஒரு சமாதான நீதவானின் கையொப்பம். செலவு பெரிதில்லை.

இதை அண்ணாவிடம் சொன்னபோது வீட்டுக்குள் போய் ஒரு குழுப்படம் எடுத்து வந்தார். சுனாமித் தண்ணீரில் நனைந்து ஓரம் வெளுத்தது. விரல் வைத்துச் சொன்னார்: ஐந்து பேர் வெளிநாட்டில். மூன்று பேர் உயிரோடு இல்லை. ஒருவர் 2006 இல் காணாமல் போனவர். தாய் இன்னும் தேடுகிறார். ஒருவர் பக்கவாதத்தில் படுக்கையில். மிச்சம் அவர். வெளிநாட்டுக் கடிதம் செல்லாது என்று தொலைபேசியில் ஏற்கனவே சொல்லிவிட்டார்களாம்.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்களோட மோதின கிண்ணியா டீம் இருக்குதானே. அவங்கள் சொன்னா எடுப்பாங்களோ?" என்றார். அந்தக் காலத்தில் துறையில் பாதை ஏறித்தான் கிண்ணியாவுக்கு ஆடப் போவார்கள். இப்போது பாலம். தன்னை ஆட்டம் முழுக்க விடாமல் மறித்த பின்கள வீரர் அங்கே கடை வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவிலேயே போய்வரலாம், நீயும் வா என்றார்.