நிலத்தடியில் நகரும் நஞ்சு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

அணுசக்தி வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் மேடைதோறும் வாதிடுகின்றனர். அவ்வழக்கிற்குள் புக நான் முற்படவில்லை. யுரேனியம் தோண்டும் ஊரில் கிணற்று நீர் என்னவாகிறது என்னும் ஒரே கேள்வியை, விஞ்ஞானம் பயிலும் மாணவன் என்ற முறையில் இங்கு ஆராய விழைகிறேன்.

நம் நாட்டின் முதல் யுரேனியச் சுரங்கம் 1967-இல், இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜாதுகுடாவில் தொடங்கப்பட்டது. பின்னர் ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்துத் தும்மலப்பள்ளியிலும் சுரங்கமும் ஆலையும் எழுந்தன. அங்கெல்லாம் ஒரு டன் தாதுவில் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறுவதில்லை. எஞ்சியது சேறாகிக் கழிவுக் குட்டைக்குச் செல்கிறது. தாதுவிலிருந்த ரேடியத்தின் பெரும்பகுதி அச்சேற்றிலேயே தங்கிவிடுகிறது. ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள்!

குட்டையில் கசிவு ஏற்பட்டால் அது கிணற்றை எப்போது அடையும்? மணலினூடே நீர் செல்லும் வேகம் நீர்மட்டத்தின் சரிவைப் பொறுத்தது என்று பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856-இலேயே காட்டினார். அவ்விதியைக் கொண்டு ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். மணலின் நீர் கடத்தும் திறன் நாளொன்றுக்கு 10 மீட்டர். சரிவு ஆயிரத்தில் ஒன்று. மண்ணின் இடைவெளி கால் பங்கு. அப்படியானால் நீர் ஆண்டுக்குச் சுமார் 15 மீட்டர் நகரும். 300 மீட்டர் தொலைவிலுள்ள கிணற்றை அடைய 20 ஆண்டுகள் ஆகும். யுரேனியமோ மண் துகள்களில் ஒட்டி ஒட்டி வருவது. நீரைவிடப் பத்து மடங்கு தாமதித்தால் 200 ஆண்டுகள்.

'இருநூறு ஆண்டுகளா, கவலை ஏன்?' என்று இருந்துவிடலாகாது. இரவும் பகலும் மோட்டார் ஓடிச் சரிவு ஐந்து மடங்காகலாம். நீரில் கார்பனேட் மிகுந்தால் யுரேனியம் அதனுடன் கூடிக் கரைந்து, பத்து மடங்குத் தாமதம் இரண்டு மடங்காகக் குறையலாம். அப்போது 200 ஆண்டு 8 ஆண்டாகச் சுருங்கிவிடும்! ஜாதுகுடாவில் கந்தக அமிலத்தாலும், தும்மலப்பள்ளியில் சோடியம் கார்பனேட்டாலும் யுரேனியத்தைப் பிரிக்கிறார்கள். ஓரிடத்துத் தாமத எண்ணை மற்றோரிடத்துக் கணக்கில் போடுவது எங்ஙனம் பொருந்தும்?

இத்தகைய கணக்குகள் ஏட்டுச் சுரைக்காய் என்று சிலர் ஒதுக்குகின்றனர். நான் அதை ஏற்கமாட்டேன். பத்தாண்டுச் சோதனையில் நஞ்சு தென்படவில்லை என்றால், நஞ்சு வராது என்று பொருளன்று. இன்னும் வந்து சேரவில்லை என்றும் இருக்கலாம். இவ்வேறுபாட்டைக் கணக்கு ஒன்றே உணர்த்தும். ஆனால் கணக்கில் எடுத்துக்கொண்ட எண்கள் அனைத்தும் ஊரார் முன் வைக்கப்பட வேண்டும். எந்தக் கிணறு எத்தனை மணி நேரம் இறைக்கப்படுகிறது, பழைய வாய்க்காலின் மணல் எங்கே புதைந்து கிடக்கிறது என்பதெல்லாம் கணிப்பொறிக்குத் தெரியாது, உழவனுக்குத் தெரியும். ஆகவே, 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்களித்தது, நீதிக்கு மட்டுமன்றி விஞ்ஞானத்திற்கும் புறம்பானது என்பதே என் கருத்து.

தஞ்சையில் யுரேனியச் சுரங்கம் இல்லையே எனலாம். உண்மைதான். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் தடுக்கிறது. ஆயினும் நிலத்தடி நீர் சட்டத்தைப் படிப்பதில்லை. மேட்டூர் அணை கைவிடும் ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறுகளே நம் நாற்றங்காலைக் காக்கின்றன. அவற்றை மிகையாக இறைத்தால் கடலோரத்தில் உப்பு நீர் உள்ளே புகும். அதுவும் டார்சி விதிப்படியே வருகிறது. உப்பு மண்ணில் ஒட்டுவதில்லை. நீரோடு நீராக, தாமதமின்றி வரும்.

நம்மில் பலர் உழவர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். கிணற்றையும் அறிவோம், சமன்பாட்டையும் கற்கிறோம். மாதம் ஒருமுறை நம் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து பதிவு செய்தால் என்ன? கயிறும் ஒரு மின்கடத்துமானியும் போதும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1984-இல் வெளியிட்டுத் தொடர்ந்து வளர்த்துவரும் 'மாட்ஃப்ளோ' கணக்கு நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் அடுத்த ஆண்டு மலரில் அபிப்பிராயத்திற்குப் பதில் அளவுகளையே அச்சிடலாம். நாளை எவரேனும் நம் மண்ணுக்கடியில் ஆபத்தில்லை என்று எண்களை நீட்டினால், எதிரே வைக்க நம்மிடமும் எண்கள் இருக்க வேண்டும்.