பிரஷர் உள்ளவர்களுக்கு மரபணுச் சோதனை: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடும் எல்லோரும் கொழுப்புக்காக மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டுமா? தேவையில்லை என்பதே எங்கள் மருத்துவர் சங்கத்தின் முடிவு. சிலருக்கு மட்டும் அது கட்டாயம் வேண்டும். அந்தச் சிலரைக் கண்டுபிடிப்பதில்தான் இன்று கோட்டைவிடுகிறோம்.

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் இதயத்தின் எதிர்காலமே தெரிந்துவிடும் என்று மரபணுச் சோதனையை விற்கிறார்கள். அந்த வண்ண அறிக்கையோடு வருபவரிடம் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு எவ்வளவு என்று கேட்டால், அதைப் பார்த்ததே இல்லை என்கிறார்.

கொழுப்பில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லைச் செல்களுக்குள் இழுக்கும் ஏற்பியைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். பெரும்பாலும் அந்த ஏற்பியின் மரபணுவில் நேரும் பழுதால் பிறவியிலிருந்தே எல்.டி.எல். தேங்கும் நிலை, 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. மற்றவர்கள் கதை வேறு. அபோ-ஈ போன்ற பல மரபணுக்களின் சின்னச் சின்ன வேறுபாடுகள் அளவைக் கொஞ்சம் ஏற்றும், கொஞ்சம் இறக்கும். அவற்றைக் கூட்டிப் போடும் அபாய மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை; நம் மக்களுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. போதாததற்கு, அந்த வேறுபாடுகள் எல்.டி.எல்.லை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன என்பதைச் சாதாரண ரத்தப் பரிசோதனையே சொல்லிவிடுகிறது.

பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த எல்.டி.எல். எண் இன்னும் முக்கியம். அழுத்தம் தமனியின் உட்சுவரைப் புண்ணாக்க, கொழுப்பு அங்கே எளிதாகப் படிகிறது. 2003இல் வெளியான ஆஸ்காட் ஆய்வில், கொழுப்பு மிக அதிகம் என்று சொல்ல முடியாத, ஆனால் வேறு அபாயங்களும் கொண்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ரத்த அழுத்த நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மருந்தை 10 மி.கி. பெற்றவர்களிடம் மாரடைப்பும் இதய நோய் மரணமும் சேர்ந்து 36 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வின் அந்தப் பகுதியை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். மரபணுவைப் பார்த்து யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை.

ஆகவே 2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே பிரஷர் மாத்திரை பெறுகிற ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை உறுதியாக வேண்டும். வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்ததா என்ற கேள்வியையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளலாம். அதற்குச் செலவே இல்லை.

மரபணுச் சோதனைக்கு உரியவர்கள், எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 190 மி.கி.யைத் தாண்டியவர்களும், நெருங்கிய சொந்தத்தில் 55 வயதுக்குள் ஆணுக்கோ 65க்குள் பெண்ணுக்கோ மாரடைப்பு வந்து தங்களுக்கும் கொழுப்பு கூடுதலாக இருப்பவர்களும்தான். குதிகாலுக்கு மேலே தசைநாண் தடித்திருப்பது, விரல் முட்டியில் மஞ்சள் கட்டி, 45 வயதுக்குள் கருவிழி ஓரத்தில் வெள்ளை வளையம் ஆகியவையும் இந்தப் பரம்பரைப் பழுதின் அடையாளங்கள். நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகாலைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் எங்கள் உறுப்பினர்களிடமே குறைந்துவிட்டது. அது திரும்ப வர வேண்டும்.

ஒருவரிடம் பழுது உறுதியானால் அவருடைய உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்க ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் பெண் எடுக்கும், பெண் கொடுக்கும் குடும்பங்களில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது ஒரே குழந்தைக்கு வந்து சேரக்கூடும். முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் கட்டிகளோடு வரும் அந்தக் குழந்தைக்கு இருபது வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரலாம். மரு என்று களிம்பு கொடுத்து அனுப்பாமல் அன்றைக்கே எல்.டி.எல். பார்க்க வேண்டும். இத்தகைய குடும்பங்களின் மரபணுச் சோதனைச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று கேட்கிறோம். சோதனை முடிவு வரும்வரை கொழுப்புக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.