ஈயச் சொம்பும் நாலு எல்போவும்

ஓசியில் கிடைத்தால் ஓட்டை வாளியையும் விடமாட்டேன். பி.காம். படித்த கோளாறு. எதைப் பார்த்தாலும் 'ஸ்க்ராப் வேல்யூ' என்ன என்றுதான் புத்தி போகும்.

நியூஜெர்சியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். 1960-களில் கட்டின வீடு. தண்ணீர்க் குழாய் எல்லாம் செம்பு. பழைய பாத்ரூமை இடித்து, குழாய்களை மூலையில் போட்டிருந்தார்கள். எல்போ, டீ... அத்தனையும் சுத்தச் செம்பு! மாப்பிள்ளையோ கிச்சன் குழாய்க்குப் புது எல்போ வாங்கக் கிளம்புகிறார். விடுவேனா?

"காசைக் கரியாக்காதீங்க மாப்ளே. இதையே கழற்றிப் போட்டுடலாம்."

செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். இணைப்பில் வைத்த பற்று 200 டிகிரி சுமாருக்கே இளகிவிடும். கேஸ் டார்ச்சைப் பிடித்தேன். பத்து நிமிஷம் ஆச்சு, அசையவில்லை! மாப்பிள்ளை இடுக்கியால் குழாயைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து கொஞ்சம் தண்ணீர் கொட்டியது.

"மச்சான், ரசம் இருக்கறவரைக்கும் ஈயச் சொம்பு உருகுமா?"

உருகாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால்தான் காலி. சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அதே கதைதான் இங்கேயும்.

தண்ணீர் போனதும் பற்று பாதரசம் மாதிரி மினுங்கியது. இடுக்கியால் இழுத்தேன், எல்போ கையோடு வந்தது. சூடு ஆறுமுன் பருத்தித் துணியால் வழித்து, பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மிச்சம் ஒட்டியிருந்தால் புதுக் குழாய் உள்ளே நுழையாது. ஒரு மணி நேரத்தில் நாலு எல்போ, தங்கமாய்!

பெருமையோடு மாடியேறினேன். தங்கை, ஆறு மாசக் குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அதுல இருந்தது என்ன பற்று?"

"ஈயம்தான். ஈயச் சொம்பு ரசம் குடிச்சு வளர்ந்தவதானே நீ?"

"அது வெள்ளீயம். இது காரீயமா இருந்தா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. குடிதண்ணீர்க் குழாயில் காரீயம் கலந்த பற்று கூடாதென்று அமெரிக்காவில் சட்டம் வந்ததே 1986-ல்தான். அதற்கு முன், பாதி வெள்ளீயம் பாதி காரீயம் கலந்ததுதான் அங்கே சர்வ சாதாரணம். எவ்வளவு தேய்த்தாலும் துளி ஒட்டியிருக்கும். காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்ற கணக்கே அதற்குக் கிடையாது. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய இணைப்புகளுக்குப் பயந்துதான் குடிதண்ணீருக்கு ஃபில்டரே போட்டிருக்கிறார்களாம். நானோ அந்தக் குழாயிலேயே கொண்டுபோய் மாட்டப் பார்த்தேன்! போதாததற்கு, உப்புத்தாள் தூள் படிந்த கையோடு குழந்தையைத் தூக்க வேறு நீட்டிக்கொண்டு நின்றேன்.

சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினேன்.

எல்போக்கள் வீண் போகவில்லை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வெந்நீர் சுற்றிவரும் குழாய் ஒன்று உண்டு. அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. மாப்பிள்ளை அதில் மாட்டினார். கிச்சனுக்குக் காரீயம் இல்லாத பற்றும் புது எல்போவும் வந்தன.

கழற்றுவது கைவேலை சார். எங்கே மாட்டக்கூடாது என்று தெரிவதுதான் சிக்கனம்.

கணக்கு? மிச்சம், நாலு எல்போ. செலவு, தூள் படிந்ததென்று தங்கை குப்பையில் போட்ட என் புதுச் சட்டை.

நிகர நஷ்டம்தான். ஸ்க்ராப் வேல்யூகூடத் தேறவில்லை.