கேட்டு வாங்குவோம், சொல்லி விற்போம்

 

நீலகிரியில் வாழும் நம் குடும்பங்களுக்குச் சொந்த வண்டி இன்று ஆடம்பரம் அன்று. நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி கண்டால், தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பிலிருந்து குன்னூருக்கோ உதகைக்கோ செல்லப் பேருந்து இராது. புதிய கார் வாங்கக் கையில் பணமில்லை. வட்டிக் கடனுக்கு மனம் ஒப்புவதில்லை. ஆகவே, சிறுகச் சிறுகச் சேர்த்ததைக் கொண்டு பழைய கார் ஒன்றைத் தேடுகிறோம். அவ்வாறு தேடும்போது நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. விற்பவர் அறிந்தவராகவோ ஜமாஅத்தைச் சேர்ந்தவராகவோ இருந்தால், "நம்ம ஆள்தானே" என்று எதையும் கேளாமல் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறோம். இவ்வெண்ணம் தவறானது என்பதே நம் கருத்து.

இதை நாம் பிறர்மீது குற்றம் சுமத்துவதற்காக எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடமிருந்த சிறிய காரை, மதரஸாவில் ஓதும் ஒரு மாணவரின் தந்தைக்கு விற்றோம். ஏற்றத்தில் நிறுத்தினால் அதன் ஹேண்ட் பிரேக் பிடிக்காது என்பதை நாம் அறிவோம். அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. மறு வாரம் வகுப்பில், தானியக் குவியலின் ஹதீஸை நடத்திக்கொண்டிருந்தோம். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு குவியலுக்குள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்ததை மேலே தெரியும்படி வைத்திருக்க வேண்டாமா என வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. அப்போது ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், வாங்குபவர் கேட்கவே இல்லையென்றாலும் சொல்ல வேண்டுமா?" என்று வினவினான். நமக்கு நா எழவில்லை.

அன்று மாலையே அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் சென்று உண்மையைச் சொல்லி, பழுது நீக்கும் செலவைக் கொடுத்தோம். அவர் கோபப்படவில்லை. "ஹஜ்ரத், விற்பது நீங்கள் என்பதால்தான் நான் ஒன்றும் கேட்கவில்லை" என்றார். அவர் ஏசியிருந்தால்கூட நமக்கு இவ்வளவு வலித்திராது. நம் தாடியும் தொப்பியும் அவருடைய கேள்வியை வாய்க்குள்ளேயே அடக்கிவிட்டன.

பொருளின் குறையை அறிவிக்காமல் தன் சகோதரனுக்கு விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்ற கருத்து, உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்க இப்னு மாஜாவில் இடம்பெற்றுள்ளது. இங்கே, கேட்டால் சொல் என்னும் நிபந்தனை இல்லை. "உள்ளது உள்ளபடி, பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால் விற்பவரின் பொறுப்பு நீங்குமா என்பதில் மத்ஹபுகளிடையே விரிவான ஆய்வுகள் உண்டு. ஆனால், அறிந்த குறையை மறைத்து ஏமாற்றுவது பாவம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பி வைப்பதும் புதிய தந்திரமன்று. அதிகம் பால் தருவதாகத் தோன்ற, ஆட்டையும் ஒட்டகத்தையும் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் அளித்தார்கள். மடி அன்று, மீட்டர் இன்று.

விற்பவரின் கடமை இதுவென்றால், கேட்பது வாங்குபவரின் உரிமை. என்னென்ன கேட்க வேண்டும்?

முதலில் ஆவணங்கள். ஆர்.சி.யில் உள்ள பெயரும் விற்பவரும் ஒன்றா? இதுவரை எத்தனை கை மாறியது? கடன் நிலுவை உண்டா? வங்கி கொடுத்த என்.ஓ.சி. இருந்தாலும், ஆர்.சி.யில் எச்.பி. நீக்கப்பட்டிருக்க வேண்டும். அபராதம் பாக்கியுண்டா என்பதைப் பரிவாஹன் இணையதளத்தில் பார்க்கலாம். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு உரியது. பின்னர் ஆய்வுக்குட்பட்டு 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். கூடலூர்ப் பகுதியினர் கேரள, கர்நாடகப் பதிவுள்ள வண்டியை வாங்கினால், அம்மாநில ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி.யும் தமிழ்நாட்டு வரியும் தேவை என்பதை விலை பேசும்போதே கணக்கிட வேண்டும். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது, டி.என். 43 பதிவெண் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. கோவையில் வாங்கும் வண்டி பழைய எண்ணுடனேயே வரும் என்பதால், உள்ளூர்வாசிக்குரிய பாஸைப் பற்றியும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, வண்டி. மலையில் ஓடிய காருக்குக் கிலோமீட்டர் குறைவாக இருப்பதாலேயே தேய்மானம் குறைவு என்று பொருளன்று. கிளட்ச்சும் பிரேக்கும் இங்கே விரைவில் தேயும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள், சர்வீஸ் ரசீது உண்டா என்று கேளுங்கள். சமவெளியிலிருந்து மலிவாக வரும் வண்டியானால், வெள்ளத்தில் மூழ்கியதா என்று கேளுங்கள். 2015-லும் 2023-லும் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. இருக்கை விரிப்பின் அடியில் சேறும் துருவும் சாட்சி சொல்லும். காலைக் குளிரில், முன்பே சூடேற்றப்படாத என்ஜினை நீங்களே இயக்கிப் பாருங்கள். நான்கு பேருடன் ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் எடுங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சோதியுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் வாருங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால், நம் கூச்சம் நம்மைக் காப்பாற்றாது. விற்பவருக்கு வேண்டியவரல்லாத மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். தரகரிடமும், இரு பக்கமும் கமிஷன் பெறுகிறாரா என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

இறுதியாக, பெயர் மாற்றம். மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாள்களுக்குள் மாற்றக் கோர வேண்டும். வண்டி கைமாறியிருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நம்பிக்கையின் பேரில் தாளில் எழுதாமல் விட்டவர், தான் ஓட்டாத வண்டியின் விபத்துக்காக நீதிமன்றத்தில் நிற்க நேரிடும். கடனை எழுதிவைக்கவும், வியாபாரத்திற்குச் சாட்சிகளை ஏற்படுத்தவும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் வழிகாட்டுகிறது. அது குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதைச் சிந்திப்போமாக. எழுதிக் கேட்பது அவநம்பிக்கை என்றால், அல்லாஹ் அதை நமக்குக் கற்பித்திருப்பானா?

இருவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய்யுரைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. அந்தச் சிறுவனுக்கு வகுப்பில் நாம் சொல்ல இயலாத பதிலை இங்கே எழுதுகிறோம்: ஆம் மகனே, கேட்கவில்லையென்றாலும் சொல்ல வேண்டும். உன் தந்தை வண்டி வாங்கப் போகும்போது, ஹஜ்ரத்தே விற்றாலும் கேட்கச் சொல். வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.