சாவியைத் திருப்பிக் கொடுத்தாச்சா?

லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை முழுக்க வார்னிங். வரிசையாக ஃபங்ஷன் பெயர்கள். உச்சியில் இருப்பது ஃபைல்சிஸ்டம் ஃபங்ஷன். 'மாட்டினான்டா குற்றவாளி!' என்று அந்த இடத்தில் ஒரு 'இஃப்' போட்டு மூடிவிட்டு டீ குடிக்கப் போகிற ஆசாமியா நீங்கள்? கொஞ்சம் பொறுங்க பாஸ். அங்கே அலறுவது அடி வாங்கினவனாக இருக்கலாம். அடித்தவன் எப்பவோ எஸ்கேப்!

ஹாஸ்டல் கதையாகச் சொன்னால் சட்டென்று புரியும். சீனியர் ரூமைக் காலி பண்ணிட்டார். ஆனால் டூப்ளிகேட் சாவி அவர் பாக்கெட்டிலேயே இருக்கு. ரூமில் இப்போது ஒரு ஜூனியர். பழைய ஞாபகத்தில் உள்ளே நுழைந்த சீனியர், மேஜை மேல் இருந்த நோட்டில் மெஸ் கணக்கு எழுதிவிட்டுப் போய்விடுகிறார். மறுநாள் 'என் ரெக்கார்ட் நோட்டு நாசம்!' என்று கத்துவது ஜூனியர். வார்டன் குடைவதும் ஜூனியரைத்தான்.

கர்னலில் ரூம் என்றால் மெமரி, சாவி என்றால் பாயின்டர். ஒரு ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோட் விடுவிக்கப்பட்ட பிறகும், அதன் பாயின்டர் ஏதாவது டைமரிடமோ வேறொரு த்ரெட்டிடமோ மிச்சமிருந்தால் வம்புதான். இதற்குப் பெயர் 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ'. பல இடங்களில் ரீபூட் பண்ணித் தப்பிக்கலாம். ஃபைல்சிஸ்டத்திலோ, கெட்டுப்போனது அப்படியே டிஸ்க்குக்கும் போய்விடலாம். அப்புறம் எத்தனை ரீபூட் போட்டாலும் உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் திரும்பி வராது.

சரி, எப்படிப் பிடிப்பது? ஸ்லாப் டீபக் வசதியை ஆன் பண்ணினால், காலியான மெமரியில் 6பி என்ற ஹெக்ஸ் எண்ணை நிரப்பிவைக்கும். ரிப்போர்ட்டில் 6பி6பி6பி என்று தெரிந்தால், யாரோ காலி ரூமுக்குள் போயிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். 2015-ல் லினக்ஸ் 4.0-வோடு வந்த 'காசான்' இன்னும் கில்லாடி. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் ஒதுக்கி, 'தொடலாமா, கூடாதா' என்று குறித்துவைக்கும். தப்பாகத் தொட்டால் கையும் களவுமாகப் பிடிக்கும். மெமரியும் வேகமும் செலவாகும்தான். வாட்ச்மேனுக்குச் சம்பளம் வேண்டாமா!

தொட்டது யார், முதலில் வாங்கியது யார், விடுவித்தது யார் என்று மூன்று விஷயம் சொல்லும் அது. முதலாவதோடு நிறுத்தாமல் மூன்றாவதையும் படியுங்கள். 'இன்னொருத்தர் உபயோகத்தில் இருக்கும்போதே ஏன் விடுவித்தான்?' என்று கேட்டால் பாதிக் கேஸ் முடிந்தது.

2008-ல் நடந்ததைக் கேளுங்கள். லினக்ஸ் 2.6.27-ன் சோதனைப் பதிப்புகளை ஓட்டிய சில கம்ப்யூட்டர்களில், இன்டெல் நெட்வொர்க் கார்டின் நிரந்தர மெமரியே கெட்டுப்போனது. எல்லோரும் முறைத்தது கார்டின் டிரைவரை. கடைசியில் மாட்டியது சம்பந்தமே இல்லாத 'எஃப்ட்ரேஸ்' என்ற கருவி! விடுவிக்கப்பட்ட ப்ரோக்ராம் பகுதி இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்து அது எழுத, அந்த முகவரியில் அப்போது குடியிருந்தது நெட்வொர்க் கார்டு.

கர்னல் பக்கமே போகாதவர்களும் தப்பிக்க முடியாது. உங்க 'சி' ப்ரோக்ராமை ஜி.சி.சி.யின் 'அட்ரஸ் சானிடைசர்' போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வார்னிங் வந்தால் வாயை மூடாதீர்கள். சாவி யாரிடம் இருக்கிறதென்று விசாரியுங்கள்!