அரைமணிக்கு ஒரு விநாடி குறைவு

2014-இல் என் பெரியம்மாவுக்கு 83 வயது. கும்பகோணத்து வீட்டு ரேழியில் அவளை உட்கார வைத்து, புதிதாக வாங்கிய போட்டோக் காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வீடியோவை ஓடவிட்டேன். சிறு வயதில் பாட்டுக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவள், "அப்புறம் பாட்டை ஏன் விட்டேன் தெரியுமாடா?" என்று கேட்டாள். ஆயுள் முழுவதும் யாரிடமும் சொல்லாத காரணத்தைச் சொன்னாள். கடைசியில் பாடியும் காட்டினாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காமிராவைப் பார்க்கவில்லை. அது "தெரியுமாடா?" என்பதோடு நின்று போயிருந்தது. 29 நிமிஷம் 59 விநாடி. மறுபடி பாடச் சொன்னதற்கு, "ஒரு தரம் சொன்னது போதும்" என்று எழுந்து போய்விட்டாள். மறு வருஷம் காலமானாள்.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "சார், இது போட்டோக் காமிரா. வீடியோ சும்மா ஒரு வசதி. களைத்துப் போகாதா?" என்றார். களைப்பா? பொத்தானை மீண்டும் அமுக்கினால் அந்த க்ஷணமே இன்னொரு 29 நிமிஷம் 59 விநாடி ஓடியதே! களைத்த மாடு இப்படியா ஓடும்?

சூட்டினால் திணறும் காமிராக்கள் உண்டு. 4 ஜிகாபைட்டுக்கு மேல் ஒரு கோப்பு வளர முடியாத கார்டுகளும் உண்டு. அவை யந்திரத்தின் இயலாமை, பொறுத்துக்கொள்ளலாம். இந்த அரைமணிக் கணக்கோ சுங்கக்காரர்களுடையது. ஒரே மூச்சில் 30 நிமிஷமாவது, 800×600 புள்ளிக்கும் நொடிக்கு 23 பிரேமுக்கும் குறையாமல் பதிவு செய்தால் அது வீடியோக் காமிரா என்று ஐரோப்பிய யூனியன் வகுத்து வைத்தது. வீடியோக் காமிராவுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் வரி. போட்டோக் காமிராவுக்கு வரி இல்லை. அந்த வரிக்காக ஒரு விநாடியைக் குறைத்தார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் காமிராவுக்கு மட்டுமாவது குறைத்தார்களா? கும்பகோணத்துக்கு வந்ததற்கும் அதே பூட்டு!

'சும்மா ஒரு வசதி' என்ற பேச்சும் செல்லாது. 2008-இல் நிக்கான் டி90 வந்தது; தொடர்ந்து கேனன் 5டி மார்க் 2 வந்தது. 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் ஆறாம் பருவத்துக் கடைசிப் பகுதியை 2010-இல் அந்தக் கேனனில்தான் எடுத்தார்கள். நம் ஊரில் 2012-இல் வெளிவந்த 'வழக்கு எண் 18/9' ஸ்டில் காமிராவால் எடுத்த படம்தான். சினிமாவுக்கு உதவுவதை விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டு, குறை சொல்ல வந்தால் மட்டும் 'இது போட்டோக் காமிராதானே' என்பது என்ன நியாயம்?

சினிமாக்காரருக்கு அரைமணியால் நஷ்டம் இல்லை. அவருடைய ஷாட் சில விநாடிகளில் முடிந்துவிடும். 'கட்' சொல்வதும் அவரே. நஷ்டம் நம் போன்றவர்களுக்கு. ராகம் தானம் பல்லவி அரைமணிக்குள் அடங்குமா? பேரனிடம் மனம் திறக்கும் பாட்டி கடிகாரம் பார்ப்பாளா? பேசுகிறவர்தான் பேச்சை முடிக்க வேண்டும். வரி அட்டவணை முடிக்கக் கூடாது.

2015-இல் உலக வர்த்தக நிறுவனத்தில் 50-க்கு மேற்பட்ட நாடுகள் வீடியோக் காமிரா உட்படப் பல பொருள்களின் வரியைப் படிப்படியாக நீக்க உடன்பட்டன. அப்புறமும் 2020-இல் வந்த சில உயர்ந்த காமிராக்களில்கூட அரைமணிப் பூட்டு இருந்தது. வரி போனாலும் வழக்கம் போகவில்லை. பிறகுதான் பல காமிராக்களில் பூட்டு கழன்றது.

ஆனால் பழைய காமிராக்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. இரண்டாம் கையாகவும் விற்கின்றன. ஆகையால் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்குமுன், நிறுத்தாமல் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால், வேறு கடைக்குப் போங்கள். என் பெரியம்மா பாட்டை விட்ட காரணம் எனக்குத் தெரியும், எழுதியும் வைத்திருக்கிறேன். அவள் குரல்தான் இல்லை.