‘சூடாகத்தான் செய்யும்’ என்னும் சமாதானம்

புதிதாக வாங்கிய கேமிங் லேப்டாப் ஒன்று, பெட்டியைப் பிரித்த முதல் வாரத்திலேயே, விசைப்பலகையின் மேல் விளிம்பில் விரலை வைத்து எடுக்க முடியாதபடி கொதித்து, விசிறிகள் இரண்டும் இரைச்சலிட, ஓடிக்கொண்டிருந்த ஆட்டமோ வரைபடமோ திடீரென்று தட்டுத் தடுமாறி நிற்கும்போது, வாங்கியவன் விற்றவரிடம் சென்று முறையிட்டால், கள்ளக்குறிச்சியிலும் சரி, சேலத்திலும் சரி, சென்னை ரிச்சி தெருவிலும் சரி, அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கிறது: “தம்பி, கேமிங் லேப்டாப்னா சூடாகத்தான் செய்யும்.” வியாபாரிகள் மாத்திரம் இதைச் சொல்வதாக இருந்தால் அதை அவர்களுடைய சுயநலம் என்று தள்ளிவிடலாம், ஆனால் உடன் படிக்கும் நண்பர்களும், கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று ஊரில் பெயரெடுத்த அண்ணன்மார்களும், ஒன்றும் தெரியாத பெற்றோரும்கூட இதையே வேதவாக்காக ஏற்று, ஒரு லட்ச ரூபாய்ப் பொருளின் குறையை அதன் சுபாவம் என்று பொறுத்துக்கொள்கிறார்கள். இந்த அபிப்பிராயம் பாதி உண்மையாக இருப்பதனாலேயே முழுப் பொய்யைக் காட்டிலும் அதிகத் தீங்கு விளைவிக்கிறது என்பதும், இதை அடியோடு மறுக்க வேண்டும் என்பதும் என்னுடைய திடமான எண்ணம்.

அந்தப் பாதி உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ7-12700எச் என்னும் பிராசஸர் சாதாரண வேகத்தில் 45 வாட் மின்சக்தியை உண்பது. வேகத்தை உச்சத்துக்கு ஏற்றும்போது 115 வாட் வரை உண்ணும். அதனோடு கூடிய ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கிராஃபிக்ஸ் சில்லு, லேப்டாப்பைச் செய்தவர் வகுத்த அளவைப் பொறுத்து, 35 முதல் 115 வாட் வரை தனக்கென்று எடுத்துக்கொள்ளும். உண்ட மின்சாரம் அனைத்தும் கடைசியில் உஷ்ணமாகவே வெளிப்பட வேண்டும் என்பது இயற்கையின் நியதி. இரண்டு விரற்கடைக் கனமுள்ள ஒரு தகட்டுப் பெட்டிக்குள் இவ்வளவு உஷ்ணம் பிறக்கும்போது அது குளிர்ந்த கல்லைப்போல் இருக்கும் என்று எதிர்பார்ப்பது அறியாமை. அந்தப் பிராசஸருக்கு 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் எல்லையை இன்டெல்லே விதித்திருக்கிறது. ஆகையால், கடினமான வேலையின்போது திரையில் 90 என்ற எண்ணைக் கண்ட மாத்திரத்தில் பதறுகிறவனிடம் பதறாதே என்று சொல்வதில் தவறில்லை.

ஆனால் சூடாகும் என்பதிலிருந்து எவ்வளவு சூடானாலும் சரிதான் என்ற முடிவுக்குத் தாவுவது எந்த நியாய சாஸ்திரத்தில் உள்ளது? எங்கள் வடக்கனந்தலை ஒட்டிய கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கொதிகலன் சூடாகும் என்பது அங்கே கரும்பு வண்டி ஓட்டுகிறவருக்கும் தெரியும். அதற்காக அழுத்தமானியையும் உஷ்ணமானியையும் பார்க்காமல் யாராவது அதை ஓட்டுகிறார்களா? சூடாவதற்கென்றே செய்யப்பட்ட யந்திரத்தில்தான் சூட்டை அளக்க வேண்டிய அவசியம் எல்லாவற்றையும்விட அதிகம். லேப்டாப்பிலோ அந்த அளவுகோல் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. பிராசஸரின் உட்பிரிவான ஒவ்வொரு கோரின் உஷ்ணத்தையும், அது ஓடும் வேகத்தையும், உண்ணும் வாட்டையும் நொடிக்கு நொடி காட்டும் இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. அளவுகோல் கையில் இருக்க, அதைப் பாராமல் பழமொழியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தைத்தான் நான் கண்டிக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பொறியியல் மாணவன். அவனுடைய தந்தை, ஆலையிலிருந்து வந்த கரும்புப் பணத்தோடு நகைக் கடனையும் சேர்த்து அவனுக்கு இத்தகைய லேப்டாப் ஒன்றை வாங்கித் தந்திருந்தார். சிமெண்ட் ஷீட் வேய்ந்த அவனுடைய அறையில் அமர்ந்து, அந்த மென்பொருள் காட்டிய எண்களை நானும் உடனிருந்து கவனித்தேன். ஆறு பெரிய கோர்களில் நான்கு 80 டிகிரியை ஒட்டி நிற்க, மற்ற இரண்டு மட்டும் 98-ல் போய் முட்டிக்கொண்டு நின்றன. அந்த இரண்டின் பொருட்டு யந்திரம் முழுவதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. சில நிமிஷங்களில் விசிறிகள் உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் விட்டு விட்டு நகர்ந்தது. வாங்கிய கடைக்குச் சென்றான். பழைய பதிலே வந்தது. சர்வீஸ் சென்டருக்குச் சென்றான். அங்கும், “நார்மல்தான் தம்பி,” என்றார்கள். ‘அப்படியானால், அறையின் சூடு இவ்வளவு, கோர்களின் சூடு இவ்வளவு, இது சாதாரணம் என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்’ என்று அவன் பணிவாகக் கேட்டான். எழுத்தில் கேட்ட பிறகே யந்திரத்தைத் திறந்தார்கள். பிராசஸரின் மேல் செம்புத் தகட்டை அழுத்திப் பிடிக்க வேண்டிய நான்கு திருகுகளில் ஒன்று முழுதாக முறுக்கப்படாமல் இருந்தது; அந்த மூலையில், சூட்டைத் தகட்டுக்குக் கடத்த வேண்டிய தெர்மல் பேஸ்ட் அதில் படியவே இல்லை. பேஸ்டை மாற்றித் திருகை முறுக்கிய பின், அதே அறையில், அதே வேலைக்கு, ஆறு கோர்களும் 85-க்குள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஒரு திருகின் அரைச் சுற்றுக் குறையை ஒரு ஜாதி யந்திரங்களின் பிறவிக் குணம் என்று அத்தனை பேரும் அவனுக்குப் போதித்திருந்தார்கள்.

கோர்களுக்கிடையே பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம். ஒன்றும் செய்யாமல் சும்மா திறந்து வைத்திருக்கும்போதே ஓயாத விசிறி இரைச்சல். வேலையின் நடுவே தானாக அணைந்துபோதல். நிறுவனம் விளம்பரப்படுத்திய அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கிவிடுதல். இவை குறையின் அடையாளங்கள். 90 என்ற தனி எண் அடையாளமன்று.

இன்னொரு சமாதானம் உண்டு: நம் ஊர் வெயில் அப்படி, யந்திரம் என்ன செய்யும் என்பது. கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறோம் என்ற பெயரே தவிர, சித்திரை வைகாசியில் வடக்கனந்தலின் மத்தியானம் சமவெளியின் மத்தியானந்தான். கோமுகி அணையின் கரையில் நின்றாலும் காற்று சுடும். வெளிக்காற்றைத்தான் விசிறி உள்ளே இழுத்துக் குளிர்விக்கிறது. ஆகவே காற்று பத்து டிகிரி கூடினால் சில்லின் உஷ்ணமும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி கூடும். இது உண்மை. ஆனால் இந்தக் கணக்கே வெயிலை எளிதில் விசாரணைக்கு உட்படுத்தும் உபாயத்தையும் தருகிறது. விடியற்காலையில், முற்றம் குளிர்ந்திருக்கும் வேளையில், அதே வேலையை ஓட்டிப் பாருங்கள். காற்றில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு சில்லிலும் குறைந்து வேகமும் மீண்டால் வெயிலின்மேல் பழி போடலாம்; அப்போதும் அதே இரண்டு கோர்கள் 98-ல் நின்றால் சூரியன் நிரபராதி. அந்த மாணவனின் யந்திரம் விடிகாலையிலும் அப்படியேதான் நின்றது.

வெயிலையே காரணமாகக் கொண்டாலும், அது யாருக்குச் சாதகமான வாதம்? பல லேப்டாப்களின் விவரத் தாளில், சிறிய எழுத்தில், இயங்குவதற்கு உகந்த சுற்றுப்புற உஷ்ணம் 35 டிகிரி வரை என்று அச்சிடப்பட்டிருக்கிறது. கோடையில் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளின் அறைகள் அந்த எல்லையைப் பகல் முழுவதும் தாண்டி நிற்கின்றன. நம் வெயிலை அறிந்தே நமக்கு விற்பனை செய்கிறவர்கள், அந்த வரியைப் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் போடாமல், பொருள் விற்ற பிறகு வெயிலைச் சாட்சிக்கு அழைப்பது தர்மமாகாது.

பொறுத்துக்கொண்டால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்குச் சரித்திரமே பதில் சொல்லும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், லேப்டாப்களில் பொருத்திய தன் சில்லுகள் சில, பொதியுறைப் பொருளின் பலவீனத்தால், வழக்கத்துக்கு மீறிப் பழுதாகின்றன என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, அதன் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அதற்கு முந்திய 2007 ஜூலையில், மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டித்து, நூறு கோடி டாலருக்கு மேல் அதற்கென்று ஒதுக்க நேர்ந்தது. சூடேறுவதும் ஆறுவதுமாக மாறி மாறி நிகழ்ந்ததில் சில்லுக்குள் இருந்த நுண்ணிய இணைப்புகள் விரிவதும் சுருங்குவதுமாய்க் கடைசியில் முறிந்தன என்று அந்நிறுவனமே பிற்காலத்தில் விளக்கியது. உஷ்ணத்தின் தீமை அன்றன்றைக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு மயிரிழை விரிசலாகச் சேர்ந்து, வாரண்டி முடிந்த ஏதோ ஒரு நாளில் இருண்ட திரையாக வெளிப்படுகிறது. பாட்டரியின் கதையும் இதுவே. முழுச் சார்ஜிலும் ஓயாத சூட்டிலும் வைக்கப்படும் லித்தியம் பாட்டரி சீக்கிரம் முதுமையடைந்து சில வேளை உப்பிவிடுகிறது.

மூன்றாவது உதாரணம் இன்னும் பொருத்தமானது. 2018 ஜூலையில் வெளிவந்த ஆப்பிளின் மேக்புக் புரோ, விலையுயர்ந்த ஐ9 பிராசஸரைக் கொண்டிருந்தும் சூட்டினால் வேகம் குன்றியபோது, மெல்லிய உடலுக்குள் அவ்வளவு சக்தியை அடைத்தால் இப்படித்தான் ஆகும் என்று பலரும் சமாதானம் கூறினார்கள். வாங்கியவர்கள் அளந்து காட்டி வற்புறுத்தினார்கள். சில நாட்களுக்குள், உஷ்ணத்தை நிர்வகிக்கும் ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டுப்போயிற்று என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்யும் அப்டேட்டை வெளியிட்டது. சுபாவம் என்று சொல்லப்பட்டது நிரலின் பிழையாக முடிந்தது.

‘கேம் விளையாடினால் அப்படித்தான்’ என்று குற்றத்தை வாங்கியவன் தலையிலேயே கட்டுவதும் நம் வீடுகளில் நடக்கிறது. விளையாடுவதற்கென்று விளம்பரம் செய்து விற்ற பொருளில் விளையாடுவது குற்றமாகாது. மேலும் நம் பிள்ளைகளில் அநேகர் கட்டட வரைபடத்துக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் இதே ரகத்தைத்தான் வாங்குகிறார்கள். பெற்றோர் கண்டிக்க வேண்டியது வேறொன்று: லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்வது. 2010-ல் சுவிட்சர்லாந்தின் மருத்துவர்கள், மாதக்கணக்கில் தினமும் சில மணி நேரம் லேப்டாப்பைத் தொடையில் வைத்து விளையாடிய பன்னிரண்டு வயதுச் சிறுவனின் இடது தொடையில் வலைப்பின்னல்போல் தோல் நிறம் மாறியதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். மெத்தையில் வைப்பதும் ஆகாது. பஞ்சு அடிப்புறத் துவாரங்களை அடைத்து யந்திரத்தின் மூச்சை நிறுத்திவிடும்.

சூட்டைத் தணிக்க ஐஸ் கட்டியையும் ஃப்ரிட்ஜையும் நாடுவது நாசத்துக்கே வழி. உள்ளே ஈரம் படியும். கூலிங் பேட் சிறிது உதவும். பின்விளிம்பை இரண்டு விரல் உயரம் தூக்கி வைப்பதும் ஏறக்குறைய அதே அளவு உதவும், காசும் செலவில்லை. மின்னழுத்தம் கூடக் கூட உஷ்ணம் அதன் வர்க்கமாக ஏறுவதால், உச்ச வேகத்தில் சிறு பங்கை விட்டுக்கொடுத்தாலே சூடு பெரிதும் தணியும்; விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் உச்ச நிலையை 99 சதவீதமாக்கினால் பொதுவாக டர்போ என்னும் உச்ச வேகம் நின்றுவிடும், ஆட்டத்தை 60 ஃப்ரேமுக்குள் கட்டினால் கிராஃபிக்ஸ் சில்லும் அடங்கும். ஆயினும் இவை குறையற்ற யந்திரத்துக்குச் செய்யும் உபசாரங்கள். முறுகாத திருகுக்கு முட்டுக்கொடுக்க இவற்றைச் செய்கிறவன், தான் விலை கொடுத்து வாங்கிய வேகத்தைத் தானே துறந்து, குறையையும் மறைத்துவிடுகிறான். ஆகவே முதல் வாரத்தில் எதையும் தணிக்காமல் அளக்க வேண்டும். இணையத்தில் வாங்கியவர்களுக்கு மாற்றித் தரும் அவகாசம் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்தான், அதை இந்தச் சமாதான வார்த்தைதான் வீணாக்குகிறது.

அதற்கு அப்பாலும் வழி அடைபட்டுவிடவில்லை. 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்ச ரூபாய்க்குட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் ஆலோசனையும் பெறலாம். ஆனால் வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. முதல் வாரத்தில் கண்ட கொதிப்பைச் சுபாவம் என்று நம்பிப் பேசாமலிருந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் அணைந்த யந்திரத்தோடு வருகிறவரிடம், தேதியிட்ட ஜாப் ஷீட் ஒன்றுகூட இருப்பதில்லை.